பொருள்: படம் வராத டாக்குமெண்ட்டும் பதில் சொல்லாத சர்வீஸும் – கடைசிப் புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். புகாரின் டிக்கெட் எண் என்ன என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஒவ்வொரு முறையும் பழையதை நீங்களே மூடிவிட்டுப் புதிதாக ஒன்று போடச் சொல்கிறீர்கள், இப்போது எதைக் குறிப்பிடுவது என்று எனக்கே தெரியவில்லை. எல்லாவற்றிலும் விஷயம் ஒன்றுதான். உங்கள் சாஃப்ட்வேரில் படங்கள் உள்ள டாக்குமெண்ட்டைத் திறந்தால் முதலில் சாம்பல் நிறக் கட்டம் வருகிறது. அப்புறம் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக ஒரு சுவர், பாதி ஜன்னல். சரி, வந்துவிட்டது என்று அடுத்த பக்கம் போய், ஏதோ ஓர் அளவைச் சரிபார்க்கத் திரும்பி வந்தால் மறுபடியும் சாம்பல் கட்டம். இப்போதுதானே காட்டியது, அதற்குள் எங்கே போயிற்று?

நான் பெரம்பூரில் இருக்கும் கட்டட மதிப்பீட்டாளர். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தவரின் வீட்டை நேரில் பார்த்து வங்கிக்கு ரிப்போர்ட் கொடுப்பது என் பிழைப்பு. அந்த ரிப்போர்ட்டில் எழுத்தைவிடப் படம்தான் அதிகம். வாசல், கதவு எண், ஈபி மீட்டர், நாலு பக்க எல்லை, மொட்டைமாடி, சுவரில் ஏறிய ஓதம், பீமில் விரிசல் எல்லாம் இருக்க வேண்டும். மண்ணடி, சௌகார்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடு என்றால் கேட்கவே வேண்டாம், ஒரே வாசலுக்குள் பல குடித்தனம், அறைக்கு அறை படம் எடுத்தே ஆக வேண்டும். இதையெல்லாம் உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் ஆள் ஒருவர் என்னிடம், "போட்டோவை எதுக்கு சார் டாக்குமெண்ட்ல போடறீங்க, வாட்ஸ்அப்ல தனியா அனுப்பிடலாமே" என்று யோசனை சொன்னார். டாக்குமெண்ட்டில் படம் போடலாம் என்று விளம்பரம் செய்து சந்தா வாங்குகிற கம்பெனியின் ஆள் சொல்கிற பேச்சா இது?

அவராவது பரவாயில்லை, மரியாதையாகப் பேசினார். இன்னொருவர் இருக்கிறார். படம் ஏன் திரும்பத் திரும்ப மறைகிறது, ஒருமுறை வந்ததை நினைவில் வைத்துக்கொள்ளாதா என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "சார், உங்களுக்கு இதெல்லாம் புரியாது. வீட்ல பசங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க." ஃப்ளாப்பியில் ரிப்போர்ட் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போன காலத்திலிருந்து கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவன் நான். பெயரைக் கேட்டேன். "ரெக்கார்டட் லைன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். நல்லதாகப் போயிற்று. அதை எடுத்துப் போட்டுக் கேளுங்கள், நான் கேட்டதில் என்ன புரியாமை இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

அதற்கு முன்பே ரிமோட்டில் ஒரு பெண் வந்து பார்த்தார். என் மவுஸைத் தன் கையில் எடுத்துக்கொண்டார், என் ரிப்போர்ட்டைத் திறக்கவே இல்லை. புதிதாக ஒரு வெற்றுப் பக்கம் திறந்து, உங்கள் கம்பெனி லோகோவையே அதில் ஒட்டி, "வருது பாருங்க சார்" என்றார். வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. தபால்தலை அளவு லோகோ வராமல் எங்கே போகும்? அவர் கனெக்‌ஷனைத் துண்டித்த கையோடு பிரச்சினை தீர்க்கப்பட்டது என்று எஸ்எம்எஸ் வந்துவிட்டது.

அப்புறம் படங்களைச் சுருக்குங்கள் என்றார்கள், அங்குலத்துக்கு 96 புள்ளி போதுமாம். ரிப்போர்ட்டில் ஒரு படம் 3 அங்குல அகலம் என்றால் குறுக்கே 288 புள்ளிதான் மிஞ்சும். அதில் மயிரிழை விரிசல் தெரியுமா, மீட்டர் எண்ணைப் படிக்க முடியுமா? படித்துச் சரிபார்க்கத்தான் வங்கியில் படமே கேட்கிறார்கள்.

அதுவும் வேண்டாம் என்றதும் கம்ப்யூட்டரில் ரேம் மெமரி போதாது என்று ஆரம்பித்தார்கள். உங்கள் பேச்சை நம்பி ரிச்சி ஸ்ட்ரீட் போய்க் கைக்காசு போட்டு 16 ஜிபி ஆக்கினேன். ஒரு மாற்றமும் இல்லை. ஏன் இல்லை என்பதற்குக் கீழே வருகிறேன், ஏனென்றால் அதை நினைத்தால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அதற்கு முன் துரைப்பாக்கத்தில் உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். சிபியுவை நேரில் கொண்டுவந்தால்தான் பார்க்க முடியும் என்று சாட்டில் எழுதியது உங்கள் ஆள், ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது. பெரம்பூரிலிருந்து துரைப்பாக்கம், ஓஎம்ஆரில் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்த ரோட்டில், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஹார்ட் டிஸ்க் என்ன ஆகுமோ என்று பயந்து பயந்து, ஆட்டோவில் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். டோக்கன் போட்டு உட்காரவைத்தார்கள். சாப்பாட்டு நேரம் என்று கவுண்ட்டரை மூடினார்கள். ஒருவழியாக என் முறை வந்ததும், கவுண்ட்டரில் இருந்தவர் சிபியுவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இது சாஃப்ட்வேர் கம்ப்ளைண்ட் சார், இங்க ஹார்டுவேர் மட்டும்தான்" என்றார். யார் வரச் சொன்னது என்று கேட்டேன், சாட் டீம் வேறே, நாங்க வேறேயாம். ஒரே பெயர்ப் பலகை, ஒரே பில், பணம் வாங்கும்போது மட்டும் எல்லோரும் ஒரே டீம். அன்றைக்கு எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்ட ஒரே ஆள் வாசலில் நின்ற செக்யூரிட்டி. அவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுங்கள், உண்மையாகவே சொல்கிறேன்.

இப்போது ரேம் விஷயம். என் போன் கேமராவில் ஒரு படம் 4000-க்கு 3000 புள்ளி. டிஸ்கில் அது சுமார் 4 எம்பிதான், ஜேபெக் ஆகச் சுருங்கிக் கிடக்கிறது. திரையில் காட்டும்போது விரிந்தாக வேண்டும், மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளி, புள்ளிக்கு 3 பைட் வைத்தாலும் 36 எம்பி. இந்தக் கணக்கு உங்கள் இன்ஜினியர்களுக்குத் தெரியாததா? ஆப்ஷன்ஸில் மெமரி என்று ஒரு பக்கம் வைத்திருந்தீர்களே, விரித்த படங்களை எடுத்து வைத்துக்கொள்ளும் இடம், அதாவது கேஷ் (cache), மொத்தத்துக்கும் 20 எம்பி, ஒரு படத்துக்கு 5 எம்பி, 10 நிமிஷம் ஆனால் தூக்கிவிடு என்று. 36 எம்பி படம் 5 எம்பிக்குள் எப்படி உட்காரும்? உட்காரவே உட்காராது. அதனால்தான் பக்கம் புரட்டும்போதெல்லாம் ஒவ்வொரு படத்தையும் முதலிலிருந்து விரித்துக்கொண்டே இருக்கிறது. நான் 16 ஜிபி போட்டால் என்ன, 64 ஜிபி போட்டால் என்ன? அண்டா நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு பாலாடையில் புகட்டியிருக்கிறீர்கள்.

இதை உங்களில் ஒருவரும் சொல்லவில்லை. திருவல்லிக்கேணியில் தீசிஸ் டைப் செய்து பைண்டிங் போட்டுத் தரும் கடையில் ஒரு தம்பி சொன்னார். அந்த 20-ஐயும் 5-ஐயும் 256, 64 என்று மாற்றினேன், படங்கள் மறையாமல் நின்றன, அன்று ராத்திரியே ரிப்போர்ட் முடிந்தது. இரண்டு கட்டத்தில் எண்ணை மாற்றுகிற வேலை சார் இது! இதற்கா துரைப்பாக்கம், இதற்கா ரேம், இதற்கா வீட்ல பசங்க?

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். போன மாதம் உங்கள் அப்டேட் தானாக இறங்கியது. அந்த மெமரி பக்கத்தையே காணோம், சாம்பல் கட்டம் திரும்பி வந்துவிட்டது. கேட்டால் புதிய பதிப்பில் எல்லாம் தானியங்கி என்கிறார்கள். எது தானாக நடக்கிறது, படம் மறைவதா?

ஒரு வங்கியில் என் ரிப்போர்ட் தாமதம் என்று வேறு ஆளுக்கு வேலை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் பட்டியலான பேனலிலிருந்து பெயர் போனால் இத்தனை வருஷம் சேர்த்த பெயரே போயிற்று, லட்சக்கணக்கில் நஷ்டம், குடும்பமே தெருவுக்கு வரும். அதற்கு உங்கள் கம்பெனிதான் முழுப்பொறுப்பு.

நான் சண்டைக்காரன் இல்லை. நல்லபடியாக முடிக்கத்தான் இப்போதும் விரும்புகிறேன். அந்த மெமரி பக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது அது இருந்த பழைய பதிப்பை என் சந்தாவிலேயே மறுபடி போட்டுக் கொடுங்கள். ரேமுக்கும் ஆட்டோவுக்கும் ஆன செலவு, வேலை செய்யாத மாதங்களுக்கான சந்தா, இரண்டும் எனக்கு வர வேண்டும், பில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. போனில் அப்படிப் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இல்லையென்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன், அங்கேயும் நீங்கள் இழுத்தடித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. தொழிலுக்கு வாங்கியவன் நுகர்வோர் இல்லை என்று உங்கள் வக்கீல் கிளம்புவார், சுயதொழிலில் வயிற்றுப் பிழைப்புக்காக வாங்கியவனை அதே சட்டம் நுகர்வோர் என்றுதான் சொல்கிறது என்று இப்போதே அவரிடம் சொல்லிவையுங்கள்.

உங்கள் பதிலை இந்த வாரத்துக்குள் எதிர்பார்க்கிறேன். கூப்பிடுவதாக இருந்தால் மதியம் மூன்று மணிக்கு மேல், காலையில் சைட்டில் இருப்பேன். கூப்பிடுகிறவர் முதலில் என் ரிப்போர்ட்டைத் திறந்து, ஐந்தாம் பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்துவிட்டுப் பேசட்டும். ஃபைலை இத்துடன் இணைத்திருக்கிறேன், கட்சிக்காரரின் பெயரும் கதவு எண்ணும் அழித்துத்தான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
இன்னமும் சந்தா கட்டிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்,
பெரம்பூர், சென்னை.