பட்டாவுக்குள் அடங்காத மணல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் முதல் வாலிநோக்கம் வரை தென்கடல் (மன்னார் வளைகுடா) ஓரத்திலும், தேவிபட்டினம், தொண்டி என வடகடல் (பாக் விரிகுடா) ஓரத்திலும் கரையை ஒட்டி இடம் வாங்கியவர்கள் முன் அனுமதி இல்லாமல் சுவர் எழுப்புவது, கல் கொட்டுவது, மணல்மேட்டைச் சமப்படுத்துவது பற்றி எழுதுகிறேன். இதை எல்லோரும் ‘ஆக்கிரமிப்பு’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பேச்சு பட்டாவா, புறம்போக்கா என்பதோடு நின்றுவிடுகிறது. பட்டா நிலத்துக்குள்ளேயே கட்டிய சுவரும் பக்கத்து ஊர்க் கரையைத் தின்னும் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் மணல் பெரும்பாலும் கிழக்கு நோக்கி நகர்கிறது. வடகடலில் வடகிழக்குக் காற்று வீசும் வாடைக்காலம்தான் கடுமை. தொண்டிக் கரையில் அந்த அலை மணலைத் தெற்கே தள்ளுகிறது. கரையின் பின்னால் உள்ள மணல்மேடு இந்தப் போக்குவரத்துக்கான கையிருப்பு. பெரிய அலை மேட்டை அறுத்து மணலைக் கடலுக்குள் இழுத்துத் திட்டாகப் போடும். அடுத்து வரும் அலைகள் அந்தத் திட்டிலேயே உடைந்து வேகம் குறையும். கடல் அடங்கியபின் அதே மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரை ஏறும். மேட்டுக்கும் கடலுக்கும் நடுவே சுவர் வைத்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகும்.

செங்குத்துச் சுவரில் மோதும் அலை, சரிவான மணலில் ஓடி ஏறிச் சோர்வதுபோல் சோர்வதில்லை. திரும்பி அடித்துச் சுவரின் காலடி மணலைக் கிளறி எடுக்கிறது. சுவர் முன்னே அலை எவ்வளவு உயரமோ ஏறக்குறைய அவ்வளவு ஆழத்துக்குக் குழி விழும் என்பது கடலோரப் பொறியாளர்களின் பழகிய கணக்கு. ஒரு மீட்டர் அலை வரும் கரையில் இரண்டடி அஸ்திவாரம் எப்படி நிற்கும்? முதலில் சுவருக்கு அடியில் கை நுழையும் அளவு சந்து தெரியும். ஒவ்வொரு அலையும் அதில் புகுந்து வெளியேறும்போது பின்னால் நிரப்பிய மணலைக் கரைத்துக்கொண்டு போகும். மேலே பதித்த தளக்கல் அப்படியே இருக்கும். குதிகாலால் தட்டினால் வெற்றுச் சத்தம் வரும். ஓர் அமாவாசை ஓதத்தில் (கடல் ஏற்றத்தில்) தளம் உள்வாங்கி, சுவர் கடல் பக்கம் சாயும்.

கல் கொட்டுபவர்கள் நிலையும் இதுதான். முறையாகச் செய்தால் மணல்மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மணலைத் தடுப்பது), அதன்மேல் சிறு கல், அதற்கும் மேல் பெருங்கல், அடிக்கல் குழிக்குள் இறங்கி இருக்க வேண்டும். லாரியில் வந்த பாறாங்கல்லை வெறும் மணலில் தள்ளினால் இடுக்கு வழியே மணல் உறிஞ்சப்பட்டுக் கல் புதையும். மறு வருஷம் இன்னொரு லாரி. மணல் நிரப்பி அடுக்கும் சிமென்ட் சாக்குகளோ வெயிலில் இற்று ஒரு பருவம்கூடத் தாங்குவதில்லை; கிழிந்த நார் கடலில் மிதக்கிறது.

கட்டியவரின் நஷ்டம் அவரோடு போகும். சுவர் முடியும் முனையில்தான் மற்றவர் பாடு தொடங்குகிறது. மணல் வரவு நின்றுபோன பக்கத்தில் கடல் அரிவாள் வளைவாக உள்ளே கடிக்கும். அங்கே வல்லம் (படகு) ஏற்றி வைப்பவர்களுக்கும் கரைவலை இழுப்பவர்களுக்கும் இடம் சுருங்கும். அடுத்த நிலத்துக்காரர் பயந்து தானும் கல் போடுவார். அரிப்பு அடுத்த முனைக்கு நகரும்.

மேட்டைச் சமப்படுத்துவதில் உள்ள கேடு இன்னும் ஆழமானது. இந்த மாவட்டத்தில் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பும் ஊர்கள் உண்டு. அந்த நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்பது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால் கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும். மேட்டை வழித்துவிட்டு, புல்தரைக்கு மோட்டார் வைத்து உறிஞ்சினால் முதலில் உவர்ப்பது அக்கம்பக்கத்து ஊற்று. கரையில் ஒதுங்கும் கடல்தாழையை (கடற்புல்லை)க் குப்பை என்று ஜேசிபியால் வாருவதும் தவறுதான். அந்தத் தாழைதான் பறக்கும் மணலைப் பிடித்து மேடு கட்டுகிறது. ஜேசிபி வாளி தாழையோடு மணலையும் சேர்த்தே அள்ளிப்போகிறது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்தது. 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதப்பட்டது. பிந்தைய இரண்டுமே மணல்மேட்டைக் குலைப்பதையும், கடல்நீரின் இயல்பான போக்கை மறித்துக் கரை நிரப்புவதையும் தடுக்கின்றன. அரிப்புத் தடுப்பு வேலைக்கு வழி உண்டு, ஆனால் ஆய்வும் முன் அனுமதியும் வேண்டும். நடைமுறையில் இவை ‘காம்பவுண்டு சுவர்’ என்ற பெயரில் கட்டப்படுகின்றன. இங்கே ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், சட்டம் அளக்கத் தொடங்கும் உயர் ஓதக் கோடு (கடல் ஏறும் உச்ச வரம்பு) எங்கே என்பதில் எளிதாக ஏமாற்றலாம். கரை 50-க்கு 1 சரிவில் இருந்தால் 60 சென்டிமீட்டர் ஓதம் 30 மீட்டர் தரையை மூடும். அமைதியான நாளில் வந்து பார்க்கும் அதிகாரிக்கு அது காய்ந்த மனையாகத்தான் தெரியும்.

ஆகவே புகார் கொடுப்பவர்கள் அளவோடு கொடுக்க வேண்டும். நகராத ஒரு மின்கம்பத்திலிருந்தோ பனையிலிருந்தோ தாழை ஒதுங்கிய வரி வரை டேப் பிடித்து அளந்து, அதே இடத்தில் நின்று படம் எடுங்கள். தென்கடலில் ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடை தொடங்கும்போது ஒருமுறை, கச்சான் ஓய்ந்தபின் ஒருமுறை. வடகடலில் தீபாவளிக்கு முன்பும் பொங்கல் கழிந்தும். சர்வே எண், புலப்பட (நில அளவை வரைபட) நகல், வேலை தொடங்கிய தேதி மூன்றையும் சேர்த்துத் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒரு நகல். பவளப்பாறைக் கல் பயன்பட்டிருந்தால் வனத்துறைக்கும் எழுதுங்கள், அது 2001 முதல் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. பசுமைத் தீர்ப்பாயத்தை அணுக, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். பதிலுக்குக் காத்திருந்தே இந்தக் கெடுவைப் பலர் தவறவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

நிலம் உண்மையிலேயே கரைகிறதே என்று தவிக்கும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வது இது: கட்டடத்தைப் பின்னுக்கு வையுங்கள். தாழை வரிக்குப் பின்னால் மூன்று, நான்கு அடி உயரத்தில் பனைமட்டை வேலி போடுங்கள், பாதிக்குப் பாதி இடைவெளி விட்டு. நெருக்கி அடைத்தால் காற்று வேலியின் அடியையே பறிக்கும். ஆமை ஏறி முட்டையிட வழி வேண்டும், எனவே வேலி துண்டு துண்டாக இருக்கட்டும். மணல் சேர்ந்ததும் ஐப்பசி மழையோடு மணலைப் பிடிக்கும் அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் நடுங்கள்.

ஊராட்சிகள் உயர் ஓதக் கோட்டைப் புலப்படத்தின் மேல் பொருத்திப் பார்க்காமல் கரையோரத்தில் எந்தச் சுவருக்கும் வரைபட அனுமதி தரக்கூடாது. அகற்ற உத்தரவு போடும்போது அபராதத்தோடு விடாமல், காலத்தையும் அதிலேயே எழுத வேண்டும்: தென்கடலில் கச்சான் ஓய்ந்த பிறகு, வடகடலில் வாடை தணிந்த பிறகு. இடித்த கல்லைக் கடலுக்குள் தள்ளிவிட்டால் அது அங்கேயே கிடந்து கரைவலையைக் கிழிக்கும். எத்தனை லோடு கொட்டப்பட்டதோ அத்தனை லோடும் உரிமையாளர் செலவில் லாரி ஏறியதா என்று எண்ணிப் பார்த்து, ஊர் மீனவர் ஒருவர் முன்னிலையில் கையெழுத்தாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உச்சிப்புளி