எய்யா, வயலு விஷயமா ஒரு நாலு வார்த்தை

எய்யா, நல்லா இருக்கியா, பிள்ளைக்கு சளி விட்டுட்டா. வாய்ஸ் மெசேஜ் போட்டா நீ கேக்கவே மாட்டேங்க, அதான் எதுத்த வீட்டுப் பிள்ளைகிட்ட சொல்லி டைப் பண்ணுதேன்.

நம்ம மேலச்செய் வயல்ல யாரோ டேப்பு வச்சி அளந்துட்டுப் போனாவன்னு சின்னக்கா சொன்னா. யாரு என்னன்னு நான் கேக்கல. நீ எந்தப் பேப்பர்லயும் வாசிக்காம கையெழுத்து போட்டிராத, அம்புட்டுதான்.

நெல்லுக்கு முன்ன பசுந்தாள் உரத்துக்கு வெதச்ச தக்கைப்பூண்டு இடுப்பு ஒசரம் வந்துட்டு. நேத்து ஒண்ணைப் புடுங்கிப் பாத்தேன், வேரு பூரா முடிச்சு முடிச்சா இருக்கு, நகத்தால கிள்ளுனா உள்ள ரோஸ் கலரு. அப்படி ரோஸா இருந்தா உள்ள இருக்க பாக்டீரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம்யா. காத்துல 100க்கு 78 பங்கு நைட்ரஜன்தான், ஆனா நெல்லால அத நேரா எடுக்க முடியாது, இந்த முடிச்சு பிடிச்சுக் குடுத்தாத்தான் உண்டு. 45 நாள்ல பூ எடுக்கும்போது மடக்கி உழுதிரணும், விட்டா தண்டு முத்திரும்.

ரெண்டு மூட்டை யூரியாவ வீசுனா முடிஞ்சிது, எதுக்கும்மா இந்தப் பாடுன்னு கேட்டேல்லா. 45 கிலோ மூட்டையில 20 கிலோ சொச்சம் தழைச்சத்து, அதான் அந்த நைட்ரஜன், இருக்கத்தான் செய்யுது, நானும் போடத்தான் செய்யுதேன். ஆனா நெல்லு வயல்ல போட்டதுல பாதிக்கு மேல பயிருக்குச் சேராம ஆவியாவும் தண்ணியோடயும் போயிருது. இப்ப வேப்பெண்ணெ பூசித்தான் வருது, அப்பவும் அளவுக்கு மிஞ்சுனா நிக்காது, புகையான் பூச்சியத்தான் கூட்டிட்டு வரும். வடிஞ்ச தண்ணி எங்க போவும், குளத்துக்குத்தான். ஊர்ச் சாக்கடையும் அதுல சேந்து இப்ப தண்ணியே தெரியல, பூரா ஆகாயத்தாமரை. அது செத்து அழுகும்போது தண்ணியில இருக்க ஆக்சிஜன் தீந்துருதாம், மீனு எப்படிப் பொழைக்கும். நீ சின்னதுல அயிரை பிடிச்ச குளம்யா அது.

வைக்கோலும் அப்படித்தான், அறுத்த கையோட மிசினை விட்டு உருட்டிக் கட்டி கேரளாவுக்கு லாரியேத்திருதாவ. நெல்லு இழுத்த சாம்பல்சத்துல, அதான் பொட்டாஷ், முக்கால்வாசிக்கு மேல வைக்கோல்லதான் நிக்கும். முன்ன அது மாட்டு வயித்துக்குப் போயி சாணியா எருக்குழிக்கு வந்து திரும்ப வயலுக்கே வந்துரும், ஒங்கப்பா வண்டி வண்டியா அடிச்சது ஞாபகம் இருக்கா. இப்ப இருக்கது லாரில போவுது, பொட்டாஷ் கப்பல்ல வருது.

கூந்தன்குளத்து அத்தை வந்திருந்தாவ, அவுக ஊரு பறவைச் சரணாலயம்லா. பறவை எச்சம் குளத்துல விழுந்து, அந்தத் தண்ணியும் வண்டலும்தான் அவுக வயலுக்கு உரம். எங்கயோ மங்கோலியா பக்கமிருந்து வரித்தலை வாத்து வருஷந்தவறாம வந்துருதாம். நீ டீம் லீடர் ஆனதச் சொன்னேன், அத்தைக்கு அம்புட்டு சந்தோசம், இங்க தெரு பூரா சொல்லியாச்சு. எம்மவன் யாரையும் ஏமாத்தாம படிச்சு மேல வந்தவன்னு எனக்குப் பெருமைதான். ஆனா தீவாளிக்கு முன்ன பேசுனவன் பொறவு ஒரு போன் கெடையாது, ஏன்யா.

வடக்க பக்கத்துச் செய்யில பிளாட்டு போட கிராவல் அடிச்சிருக்காவ. மழைத்தண்ணி உள்ள எறங்க மாட்டேங்கு, பூரா நம்ம வரப்புல வந்து முட்டுது. எத்தனை தலைமுறை சாணியும் கொழையும் வண்டலும் போட்டு வந்த மண்ணு, ஒரு நாள்ல மூடிட்டானுவ. ஒரு மண்புழுவு இல்ல. இனி எந்தக் காலத்துல அதுல நெல்லு முளைக்கும், சொல்லு.

கடன் எதுவும் இருந்தா எங்கிட்டச் சொல்லுய்யா, நகை இருக்கு. வாசிக்காம எதுலயும் கையெழுத்து போடாத. யாரு அளந்தாவன்னு நான் கேக்க மாட்டேன், நீயா சொன்னாச் சரி.

செவ்வாக்கெழம மடக்கி உழ டிராக்டருக்குச் சொல்லியிருக்கு. திங்கக்கெழம நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறுனா காலைல வந்துரலாம், டிக்கெட்டு இல்லன்னா பஸ்ல வா.