ஜூம் எண்ணைப் பார்த்து கேமரா வாங்காதீர்கள்

ஆசிரியருக்கு,

வேடந்தாங்கல் சீசனுக்காகப் பலர் கேமரா தேடுகிறார்கள். பெட்டியில் ‘60 எக்ஸ்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த ரகத்தில் சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) பெரும்பாலும் 1/2.3 அங்குலம் என்ற மிகச் சிறிய அளவுதான், அதனால் அந்தி வெளிச்சத்தில் நாரையின் இறகெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். வீட்டுக்குள் எடுக்கும் பிறந்தநாள் படமும் அதே கதிதான்.

பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) பாடியும் 55-250 மி.மீ. லென்ஸும் மேல். கேனானின் ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சாரில் அதன் 250 மி.மீ., பெரிய ‘ஃபுல் ஃபிரேம்’ சென்சாரில் 400 மி.மீ. தரும் நெருக்கத்துக்குச் சமம். குழந்தைகளின் முகத்துக்கு அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கூட்டப் படத்துக்கு 18-55 மி.மீ. லென்ஸ் போதும். வாங்குமுன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கடலோர ஈரக்காற்றில் பூஞ்சை சிலந்திவலை போலப் படர்ந்திருக்கும். விற்பவர் ‘தூசி’ என்பார், நம்பாதீர்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடியாவது வேண்டும். ‘ஆட்டோ’வில் விட்டால் இறக்கை பெரும்பாலும் கலங்கித்தான் வரும்.

– வாசகர், செங்கல்பட்டு