கழுவாத தொட்டியில் நாற்று வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாற்று சாய்ந்தால் விதையைக் குறை சொல்கிறோம், தண்ணீரைக் குறை சொல்கிறோம், போன முறை செடி அழுகிச் செத்த அதே குழித்தட்டைத் தட்டிவிட்டு மறுபடி மண் நிரப்பியதை மட்டும் யாரும் நினைப்பதில்லை. நானும் அப்படித்தான் ஒரு தட்டுத் தக்காளி நாற்றைப் பறிகொடுத்தேன். தண்டு, மண்ணைத் தொடும் இடத்தில் நூல் மாதிரி சுருங்கி, இரண்டே நாளில் எல்லாம் படுத்துவிட்டன.

நாற்றை இப்படிச் சாய்க்கும் பித்தியம், ரைசாக்டோனியா போன்ற நோய்க்கிருமிகள் தொட்டியில் ஒட்டிய மண்ணிலும் காய்ந்த வேர்த்துணுக்கிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். முதலில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், மண் ஒட்டியிருந்தால் ப்ளீச்சின் வேகம் அதிலேயே போய்விடும். அப்புறம் 1 பங்கு வீட்டு ப்ளீச் திரவத்துக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் முக்கிவைத்து, நன்றாக அலசிக் காயவைக்கலாம். கையுறை கட்டாயம், கலவையும் அன்றன்றைக்குப் புதிதாக இருக்க வேண்டும். கழுவியதை வெறுந்தரையில் அடுக்கினால் பட்ட பாடெல்லாம் வீண்.

நர்சரி நடத்துபவர்களே, உங்கள் ஒரு தட்டு நோய் எத்தனை தோட்டங்களுக்குப் போகிறது! தயவுசெய்து பழைய தட்டுகளைக் கழுவாமல் நிரப்பாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்