அடிக்கத் தடை வந்தால் என்ன?

ஆசிரியருக்கு வணக்கம். பிள்ளையை அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டால் பெற்றவர்களைப் பிடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று பலரும் பயப்படுகிறார்கள், ஆனால் 1979-லேயே உலகில் முதன்முதலாகத் தடை கொண்டுவந்த சுவீடனில் அந்தச் சட்டப் பிரிவில் தனியாகத் தண்டனை எதுவும் வைக்கவில்லை, அடிக்காமல் பிள்ளை வளர்ப்பது பற்றி வீடு வீடாகக் கையேடு அனுப்பினார்கள், பால் அட்டைப்பெட்டியில்கூட அச்சடித்தார்கள். நானும் அடித்தவன்தான். ஒருநாள் அலமாரியில் எதையோ எடுக்கக் கையைத் தூக்கினேன், பக்கத்தில் நின்ற மகன் சட்டென்று தலையைக் குனிந்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். அன்றோடு விட்டேன். பெரியவர் ஒருவரை அறைந்தால் வழக்கு, அதையே ஐந்து வயதுக் குழந்தைக்குச் செய்தால் கண்டிப்பா? சட்டம் வரட்டும், கூடவே அப்படியொரு கையேடும் வரட்டும்.

– ஒரு தந்தை