கலைக்கு, டேங்கை மூடுவதற்கு முன்

சோளிங்கர்
ஞாயிறு

அன்புள்ள கலை,

அம்மாவுக்குச் சுகர் பரவாயில்லை. நீ கட்டுகிற விமானத்தின் பெட்ரோல் டேங்க் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். ரிவெட் வரிசை நூல் பிடித்த மாதிரி இருக்கிறது, யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். ஆனால் போட்டோ போட்டதோடு சரி, அப்புறம் ஒரு போன் இல்லை. வேலை இருக்கும்.

பின் தகட்டை நீ இன்னும் மூடவில்லை என்றுதான் நினைக்கிறேன். மூடிவிட்டால் உள்ளே கை போகாது. பெட்ரோலை உறிஞ்சி எஞ்சினுக்கு அனுப்புகிற பிக்-அப் குழாயைத் திரும்பவும் பார். வெளியிலிருந்து நட்டை முறுக்கும்போது உள்ளே குழாயும் சேர்ந்து திரும்பும். அதன் வாய் மேலே தூக்கிக்கொண்டால், டேங்கில் பெட்ரோல் இருக்கும்போதே எஞ்சினுக்குக் காற்றுதான் போகும். குழாயைத் திரும்பவிடாமல் பிடிக்கிற கிளிப் போட்டோவில் தெரியவில்லை. போட்டிருப்பாய். போட்டாயா?

குழாய் நுனியை விரிக்கும் கருவி 37 டிகிரிதானே? கார் கடையில் கிடைப்பது 45 டிகிரி, அது விமான இணைப்பில் உட்காராது. விரித்த நுனியை லென்ஸ் வைத்துப் பார், மயிரிழை விரிசல் இருந்தாலும் வெட்டிப் போட்டுவிடு. டெஃப்லான் டேப் எங்கேயும் வேண்டாம், பிய்ந்து ஃபில்டரில் போய் அடைக்கும்.

தகட்டு இடுக்கு கசியாமல் பூசுகிற சீலன்ட்டை எடை போட்டே கல, கண் அளவு கூடாது. வெள்ளைப் பசை 100 கிராமுக்கு, அதை இறுகவைக்கிற கறுப்பு 10 கிராம். கோடு தெரியாமல் ஒரே சாம்பல் நிறமாக வரணும். இங்கே வெயிலுக்குச் சீக்கிரம் இறுகும், உன் ஊர்க் குளிருக்கு நாளாகும், அவசரப்படாதே. அதற்கு முன்னால் தகட்டைத் தேய்த்து பிசுக்கைக் கரைக்கிற எம்.இ.கே. திரவம் போட்டுத் துடைக்கும்போது, அது காய்வதற்குள் வேறு சுத்தமான துணியால் துடைத்து எடு. காயவிட்டால் கரைந்த பிசுக்கு அங்கேயே படியும், சீலன்ட் உரிந்து வரும். கசிந்தால் உள்ளே ஊற்றிச் சுழற்றுகிற கலவையை நம்பாதே. பின்னால் அது தோலாக உரிந்து ஜல்லடையை மூடும்.

கசிவு பார்க்க, டேங்குக்குக் காற்று போகிற வென்ட் குழாயில் பலூன் கட்டினால் போதும். காற்றழுத்தத்தை 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றினால் தகடு உப்பிவிடும், கம்ப்ரசரைக் கிட்டவே கொண்டுபோகாதே. வெயில் ஏறினால் பலூனும் உப்பும், அதனால் ரிவெட்டில் சோப்பு நீர் தடவித்தான் முடிவு செய். வென்ட் வாய்க்கு வலை போடு. குளவி ஒரே நாளில் மண் வைத்துவிடும்.

மாப்பிள்ளை சொன்னார், குட்டிப் பையனையும் ஏற்றப்போகிறாயாம். சோதனைப் பறப்பு 25 மணியோ 40 மணியோ முடியும்வரை அங்கே பயணி ஏற்றக் கூடாது என்பது உனக்கே தெரியும். அவ்வளவு மணி நேரமும் நீ மட்டும்தான் மேலே. அதனால் தரையிலேயே விமானத்தின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, பம்ப் வழியாகப் பெட்ரோல் எவ்வளவு வருகிறது என்று அளந்துவிட்டுப் பற. டேக்ஆஃபில் எஞ்சின் மணிக்கு 40 லிட்டர் குடித்தால் 50 லிட்டராவது வரணும்.

அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்து விமானம் போனால் உன் அம்மா வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கிறாள். முன்னெல்லாம் பார்க்க மாட்டாள்.

அந்தக் கிளிப் போட்டோ வந்த பிறகு மூடு. ராத்திரி எந்நேரமானாலும் அனுப்பு, விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா