நரம்பை இழுக்காதே, கலா

திருச்சி
அக்டோபர் 12

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. மகளுக்குக் கோவையில் சீட் கிடைத்ததை இரண்டு வரியில் முடித்துவிட்டு, கால் வலிக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். சரி, நானும் காலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஓடும்போது எட்டாவது கிலோமீட்டர் தாண்டியதும் வலி இடது புட்டத்தில் தொடங்கி, பின்தொடை வழியாகக் கெண்டைக்காலின் வெளிப்பக்கம் சுரீரென்று இறங்குகிறது. பாதத்தின் மேல்பக்கம் கட்டைவிரல் வரை மரத்த மாதிரி இருக்கிறது. கூட ஓடுகிறவர்கள் ‘ஹாம்ஸ்ட்ரிங் டைட்’, அதாவது பின்தொடைத் தசை இறுக்கம் என்றார்கள். அதனால் தினமும் விடிகாலை நாலரைக்குக் காலைத் திண்ணையில் தூக்கி வைத்துக் குனிந்து இழுக்கிறாய். இழுத்ததும் பத்து நிமிஷம் சுகம், ஓடினால் முன்பைவிட மோசம். இவ்வளவுதானே நீ எழுதியது? முதலில் அந்த இழுப்பை நிறுத்துடி. மற்றதெல்லாம் அப்புறம்.

என் சந்தேகம் தசை மேல் இல்லை, காலுக்கு ஓடும் சயாட்டிக் நரம்பு மேல். அது இடுப்பு முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஐந்து வேர்களாகக் கிளம்பி, ஒன்றாகச் சேர்ந்து கட்டைவிரல் பருமனில் புட்டத்துக்கு அடியில் வருகிறது. முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகிறது. இதைப் பாவாடை நாடா மாதிரி நினைத்துக்கொள். குழாய்க்குள் நாடா இப்படியும் அப்படியும் வழுக்கிப் போகும்வரை பிரச்சினை இல்லை. எங்காவது ஒரு இடத்தில் துணி மடிந்து பிடித்துக்கொண்டால், இரண்டு முனையையும் பலமாக இழுத்து என்ன பயன்? இன்னும் இறுகும். தசை இழுத்தால் நீளும், நரம்பு அப்படியில்லை. நரம்புக்குள் நூல் மாதிரி ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. முயல் நரம்பில் பார்த்த சோதனையில், நீளத்தில் 8 சதவீதம் இழுத்தபோதே ரத்த ஓட்டம் குறைய ஆரம்பித்தது, 15 சதவீதத்தில் அடியோடு நின்றது. ஏற்கெனவே வீங்கிய நரம்பை அரை நிமிஷம் இழுத்துப் பிடித்தால் என்ன ஆகும் என்று நீயே யோசி.

தசையா நரம்பா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். தரையில் மல்லாந்து படு. முழங்காலை மடக்காமல் இடது காலைத் தூக்கு. உன் வீட்டுக்காரர் தூக்கிப் பிடித்தால் இன்னும் நல்லது. வலி தெரியும் இடத்தில் நிறுத்தி, அது அடங்கும் அளவுக்கு மட்டும் கீழே இறக்கு. அங்கேயே வைத்துக்கொண்டு தாடையை நெஞ்சை நோக்கித் தூக்கு. பின்தொடைத் தசைக்கும் கழுத்துக்கும் எந்தத் தொடுப்பும் இல்லை. ஆகவே தலையைத் தூக்கியதும் வலி திரும்பி வந்தால் அது நரம்புதான். 30 டிகிரிக்கும் 70 டிகிரிக்கும் நடுவில் இந்த வலி முழங்காலுக்குக் கீழே ஓடினால் சந்தேகம் இடுப்பு டிஸ்க் மேல், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை மேல் போகும்.

அடுத்தது, எங்கே பிடிபட்டிருக்கிறது என்பது. வலிக்கிற இடமும் நரம்பு மாட்டிக்கொண்ட இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. கெண்டைக்காலில் தைலம் தேய்த்துத் தேய்த்துப் பலன் இல்லை என்று எழுதியிருந்தாயே, காரணம் இதுதான். சமையலறையில் குதிகாலை மட்டும் ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கியபடி பத்தடி நட. இடது பாதம் தொய்ந்தாலோ, கட்டைவிரலை விரலால் அமுக்கும்போது எதிர்த்து நிற்காவிட்டாலோ ஐந்தாம் இடுப்பு வேரில் கோளாறு இருக்கலாம். பிறகு சுவரை லேசாகத் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கு. வலதுக்கு 25 முறை வந்து இடதுக்குப் பன்னிரண்டிலேயே தளர்ந்தால், கோளாறு அதற்குக் கீழே உள்ள முதல் சாக்ரல் (இடுப்புக்கு அடியிலுள்ள திரிக எலும்பு) வேரில். அது கெட்டால் மரப்பு சுண்டுவிரல் பக்கம் வரும், கட்டைவிரலில் வராது. ஒன்றிரண்டு முறை செய்துவிட்டு ‘பலம் இருக்கிறது’ என்று விட்டுவிடாதே. ஓடுகிற கால் ஒன்றிரண்டு முறைக்குத் தாக்குப்பிடிக்கும், எண்ணினால்தான் குட்டு வெளிப்படும்.

உனக்கு வரும் இந்தக் கட்டைவிரல் மரப்பு, முழங்காலின் வெளிப்பக்கத்தில் நரம்பு நசுங்கினாலும் வரலாம். அங்கே சிறிய குமிழ் மாதிரி எலும்பு தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழே நரம்பு எலும்பைச் சுற்றி, தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. கால்மேல் கால் போட்டு மணிக்கணக்கில் உட்காருவது, குத்தவைத்து அரிவாள்மணையில் நெடுநேரம் நறுக்குவது, ஓடும்போது மாட்டும் இறுக்கமான கெண்டைக்கால் உறையின் (ஸ்லீவ்) மேல்விளிம்பு அந்த இடத்தில் வெட்டுவது எல்லாமே அதை நசுக்கும். விரலால் தட்டிப் பார். பாதத்துக்கு ஷாக் ஓடுகிறதா? பிரித்துப் பார்க்க இன்னொரு வழி: வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து இடது காலைப் பக்கவாட்டில் தூக்கு. அந்தத் தசைக்கு வேலை கொடுப்பது இடுப்பிலிருந்து வரும் வேர், முழங்கால் நரம்பு இல்லை. அது பலவீனமாக இருந்தால் கோளாறு மேலே. உனக்குப் புட்டத்திலேயே ஆரம்பிப்பதால் மேலேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் அந்த ஸ்லீவைக் கழற்றி வை.

கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மட்டும் மரத்தால் ஷூ கயிறு குற்றவாளியாக இருக்கலாம். புறங்காலில் அழுத்தும் இடத்தில் ஒரு ஜோடி ஓட்டையை விட்டுவிட்டுக் கட்டினால் போதும். உட்காரும் எலும்பின் மேலேயே வலித்து, வேகமாக ஓடும்போதும் கெட்டியான பெஞ்சில் உட்காரும்போதும் கூடினால் அது பின்தொடைத் தசைநாண். மரப்பு இருக்காது, வைத்தியமும் வேறு.

இனி செய்ய வேண்டியது. ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவது அதற்கு மிகக் கெட்ட நேரம். உங்கள் கூட்டமோ எழுந்த பத்தாவது நிமிஷம் குனிந்து கால்விரலைத் தொடுகிறது! ஷூ கயிறுகூட நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தூக்கி எதிர் ஸ்டூலில் வைத்துக் கட்டு. அரை மணிக்கு மேல் சேர்ந்தாற்போல் உட்காராதே. ஆபீஸுக்கு ஸ்கூட்டியில் முக்கால் மணி நேரம் என்றால் நடுவில் ஓரிடத்தில் இறங்கி நில்.

இரண்டு பயிற்சி போதும். முதலாவது, குப்புறப் படுத்து இரு கையாலும் மேல் உடம்பை உயர்த்துவது. இடுப்பு தரையிலேயே இருக்கட்டும். பத்து முறை, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம். செய்யும்போது வலி எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனி. பாதத்திலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து புட்டத்துக்கு ஏறினால், புட்டத்தில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, நல்ல அறிகுறி. கீழே இறங்கினால் அன்றோடு விட்டுவிடு. இரண்டாவது, நரம்பை வழுக்கவிடுவது. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து இடது முழங்காலை நீட்டும்போதே முகத்தைக் கூரையை நோக்கித் தூக்கு. மடக்கும்போது தாடையைத் தாழ்த்து. நாடாவின் ஒரு முனையை இழுக்கும்போது மறுமுனையைத் தளர்த்துகிறாய். பத்துப் பத்தாக இரண்டு தரம், காலை மாலை. இழுவை லேசாகத் தெரியும் முன்பே திரும்பிவிட வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது. நிறையப் பேர் தப்புவிடும் இடம், காலை நீட்டும்போது தலையையும் குனிந்துகொள்வது. அப்போது இரு முனையும் இழுபடும். மறுநாள் கூடுதல் எரிச்சலோடு ‘பயிற்சி ஒத்துக்கொள்ளவில்லை’ என்பார்கள்.

முழங்காலுக்குக் கீழே வலி வராமல் அரை மணி நேரம் வேகமாக நடக்க முடிந்த பிறகு ஓட்டம். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை, பத்துச் சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். தீர்ப்பு சொல்ல வேண்டியது அடுத்த நாள் காலை. வலி 24 மணி நேரத்துக்குள் பழைய அளவுக்குத் திரும்பினால் கூட்டலாம், இல்லையேல் முந்தைய படிக்கே போ. காலை எட்டி வைப்பதைக் குறை: காலை முன்னால் நீட்டி ஊன்றுவது, ஓடிக்கொண்டே அந்தப் படுக்கைச் சோதனையைச் செய்வதுதான். நிமிஷத்துக்கு 160 தடவை அடியெடுத்து வைக்கிறாய் என்றால் 168-லிருந்து 176-க்குள் கொண்டுவா. வேகப் பயிற்சி கடைசியில்தான்.

மாத்திரை பற்றிக் கேட்டாய். நரம்பு வலிக்கான ப்ரீகாபலினையும், பி12 வகையான மீத்தைல்கோபாலமினையும் சேர்த்து எழுதுவது நம் ஊரில் வழக்கம். ஆனால் சயாட்டிகாவுக்கு, அதாவது இந்த நரம்பு வலிக்கு, ப்ரீகாபலின் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட எடுபடவில்லை, தலைசுற்றல்தான் கூடியது என்று 2017-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. அதற்காக நீயாகச் சட்டென்று நிறுத்தாதே. எழுதிக்கொடுத்தவரிடம் பேசிப் படிப்படியாகக் குறை. பி12 அளவையும் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடு. அவற்றால் வரும் எரிச்சல் சாக்ஸ் போட்ட மாதிரி இரண்டு பாதத்திலும் வரும், உன்னுடையது ஒரு காலில். ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம். வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ‘டிஸ்க் பல்ஜ்’ (டிஸ்க் பிதுங்கல்) என்று ரிப்போர்ட்டில் வரும். அதைப் படித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறவர்களே அதிகம்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். தொடை இடுக்கும் பிறப்புறுப்பைச் சுற்றிய இடமும் மரத்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ தெரியாமல் போனாலோ, இரண்டு காலும் தளர்ந்தாலோ, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. காலை வரை காத்திருக்கக் கூடாது. பாதம் தொய்ந்து செருப்பு நழுவினால் அந்த வாரமே டாக்டரைப் பார். அறுந்த இடத்திலிருந்து நரம்பு வளர்வது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான், தாமதம் கட்டுப்படியாகாது.

பெரும்பாலோருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் தானாகவே தணியும். ஜனவரி மாரத்தானுக்கும் கிட்டத்தட்ட பன்னிரண்டு வாரம்தான் இருக்கிறது. கணக்கு ஒத்துவருகிறதே என்று மயங்காதே: தணியவே அத்தனை வாரம் என்றால் 42 கிலோமீட்டருக்குத் தயாராவது எப்போது? இந்த வருஷம் பத்து கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள் என்பது என் யோசனை. கோபித்துக்கொண்டாலும் சரி.

குதிகால் உயர்த்தும் எண்ணிக்கையை, வலது இடது தனித்தனியாக, இந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் எழுதி அனுப்பு. மகள் எந்தப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள் என்பதையும் சேர்த்து எழுது. அதைச் சொல்லவே மறந்துவிட்டாய்.

அன்புடன்,
சாந்தி